மேசையில் பிறக்கும் மரபு
(பூல் விளையாட்டில் நாடுகள் பெற்ற வெற்றியும் நமக்குள்ள பாடமும்)

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்கக் கூடத்தில் வழக்கம்போல் கேரம் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர், 2025-ல் ஜெட்டாவில் நடந்த உலக ஒன்பது பந்துப் பூல் போட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிலிப்பைன்ஸ் வீரர் கார்லோ பியாடோ இறுதி ஆட்டத்தில் 15-13 என்று வென்று, 2017-க்குப் பிறகு இரண்டாம் முறையாக உலகப் பட்டம் பெற்ற கதை அது. கேட்டுக்கொண்டிருந்த மூத்த உறுப்பினர் ஒருவர், "அதெல்லாம் அவங்க ரத்தத்துலயே ஊறினது, தம்பி. நமக்கு வராது" என்றார். தம்பி விடவில்லை. "அப்படின்னா கேரம் மட்டும் நம்ம ரத்தத்துல ஊறியிருக்கா, மாமா?" என்று கேட்டார். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அந்தக் கேள்வி சிரித்துவிட்டுப் போகக்கூடியதன்று. பிள்ளைகளைப் பிற மொழி பேசும் ஊர்களில் வளர்க்கும் நமக்கு, ஒரு திறமை எங்கிருந்து வருகிறது, எப்படித் தங்குகிறது என்பது மிகவும் வேண்டிய விஷயம். ஆகவே அந்தக் கேள்விக்குச் சற்று விரிவாக விடை தேடிப் பார்ப்போம்.

ஆட்டத்தின் அடிப்படை

பூல் என்பது பில்லியர்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டம். போட்டிகளுக்குரிய மேசை 9 அடி நீளமும் நாலரை அடி அகலமும் கொண்டது. ஓரங்களில் ஆறு குழிகள். கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது மற்ற எண் பந்துகளைக் குழியில் தள்ளவேண்டும்.

கேரம் ஆடத் தெரிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். காயைக் குழியில் போடுவது இரண்டுக்கும் பொது. வேற்றுமை ஒன்றே ஒன்றுதான். ஆனால் பெரிய வேற்றுமை. கேரமில் ஒவ்வோர் அடிக்குப் பிறகும் ஸ்ட்ரைக்கர் நம் கைக்குத் திரும்பிவிடுகிறது. கோட்டின் மேல் விருப்பமான இடத்தில் வைத்து அடுத்த காயை அடிக்கலாம். பூலில் வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றதோ அங்கிருந்தேதான் அடுத்த அடி. எனவே ஒரு பந்தைக் குழியில் போடுவது பாதி வேலை. அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் வெள்ளைப் பந்தை நிறுத்துவது மீதிப் பாதி. வல்லவர்கள் அடுத்த மூன்று நான்கு பந்துகளையும் கணக்கில் வைத்தே ஒரு பந்தை அடிக்கிறார்கள்.

இந்த மேசையில் பல ஆட்டங்கள் உண்டு. ஒன்பது பந்து ஆட்டத்தில் மேசையில் உள்ளவற்றுள் மிகச் சிறிய எண்ணுள்ள பந்தையே வெள்ளைப் பந்து முதலில் தொடவேண்டும். ஒன்பதாம் எண்ணை முறைப்படி குழியில் போட்டவர் வென்றவர். ஸ்ட்ரெயிட் பூல் ஆட்டத்தில் 15 பந்துகளில் எதையும் எந்த வரிசையிலும் போடலாம். ஆனால் எந்தப் பந்து எந்தக் குழியில் என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். ரொட்டேஷன் என்பது 15 பந்துகளையும் எண் வரிசைப்படி ஆடுவது. பந்தின் எண்ணே அதற்குரிய புள்ளி. மொத்தம் 120 புள்ளிகள். 61 எடுத்தவர் வென்றவர்.

இவற்றுள் எந்த ஆட்டத்தை ஒரு நாட்டின் பிள்ளைகள் முதலில் கற்கிறார்கள் என்பதில்தான் நம் கேள்விக்கான விடை பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

அமெரிக்கா: ஆண்டதும் இழந்ததும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் போட்டி ஆட்டம் என்றால் அது ஸ்ட்ரெயிட் பூல்தான். அதன் முடிசூடா மன்னர் வில்லி மஸ்கோனி. 1941-க்கும் 1957-க்கும் இடையே 15 முறை உலகப் பட்டம் வென்றவர். 1954-ல் ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நடந்த காட்சி ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 526 பந்துகளைக் குழியில் போட்டார். வெள்ளைப் பந்தை அதிகம் ஓடவிடாமல், சில அங்குலங்களுக்குள்ளேயே நகர்த்தி, எளிய அடியாகவே தேர்ந்தெடுத்து ஆடும் பொறுமைதான் அந்த ஆட்டம் கற்றுக்கொடுத்த கலை.

பிறகு காலம் மாறியது. ஸ்ட்ரெயிட் பூல் நீண்ட நேரம் பிடிப்பது. விரைவாக முடிகிற ஒன்பது பந்து ஆட்டம் பந்தயக்காரர்களுக்கும் தொலைக்காட்சிக்கும் உகந்ததாக இருந்தது. 1986-ல் பால் நியூமேனும் டாம் குரூஸும் நடித்து வந்த 'தி கலர் ஆஃப் மணி' படம் அதை மேலும் பரப்பியது. தொடக்கத்தில் அமெரிக்கர்களே இதிலும் முன்னணியில் நின்றார்கள். உலக ஒன்பது பந்துப் போட்டி தொடங்கிய 1990-லும், மறு ஆண்டிலும் ஏர்ல் ஸ்டிரிக்லண்ட் வென்றார். 1992-லும் 1997-லும் ஜானி ஆர்ச்சர் வென்றார்.

அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் மஸ்கோனி கோப்பை 1994-ல் தொடங்கியது. 1996 முதல் 2001 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்காவே வென்றது. ஆனால் 2010 முதல் 2017 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பா வென்றது. 2020 முதல் 2024 வரையிலும் அப்படியே. அமெரிக்க மேதையின் பெயரைத் தாங்கிய கோப்பை அமெரிக்காவை விட்டு ஏன் போனது? விடைக்கு ஜெர்மனி செல்லவேண்டும்.

ஜெர்மனி: கடன் வாங்கிக் காத்த மரபு

ஜெர்மனியில் பூல் பந்தயக் கூடங்களைவிடக் கிளப்புகளைச் சார்ந்தே வளர்ந்தது. ஊருக்கு ஊர் உறுப்பினர் சந்தாவில் நடக்கும் கிளப்புகள், அவற்றுக்கிடையே படிப்படியான லீக் ஆட்டங்கள், மேல்தட்டில் புண்டஸ்லிகா, இளையோருக்குப் பயிற்சியாளர் என்று ஓர் ஒழுங்கு உண்டு. பள்ளிச் சிறுவன் மாலையில் கிளப்புக்குப் போகிறான். பெரியவர்களோடு சேர்ந்து தன் கிளப்புக்காக ஆடுகிறான்.

இங்கே கவனிக்கவேண்டியது வேறொன்று. அமெரிக்கர்கள் பெரும்பாலும் கைவிட்ட ஸ்ட்ரெயிட் பூலை ஐரோப்பியர்கள் கைவிடவில்லை. ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் எட்டுப் பந்து, ஒன்பது பந்து, பத்துப் பந்து ஆட்டங்களோடு ஸ்ட்ரெயிட் பூலும் தனிப்பிரிவாகவே இடம்பெற்றது. 1989-ல் ஜெர்மனியின் ஆலிவர் ஆர்ட்மன் அமெரிக்காவுக்கே சென்று ஸ்ட்ரெயிட் பூலில் யு.எஸ். ஓப்பன் பட்டத்தை வென்றார். 1995-ல் அவரே உலக ஒன்பது பந்துச் சாம்பியன். 1996-ல் ரால்ஃப் சூகே. 2003-லும் 2013-லும் தோர்ஸ்டன் ஹோமன். 2018-ல் ஜோஷுவா ஃபில்லர். அனைவரும் ஜெர்மானியர்.

மஸ்கோனியின் 526 என்ற எண் 65 ஆண்டுகள் நின்றது. 2019-ல் அமெரிக்கர் ஜான் ஷ்மிட் 626 பந்துகள் போட்டு அதைக் கடந்தார். 2022-ல் அதையும் கடந்து 714 போட்டவர் ஜேசன் ஷா. அவர் ஸ்காட்லாந்துக்காரர்! மரபு என்பது பிறந்த இடத்திலேயே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. யார் நாள்தோறும் பயிற்சி செய்கிறார்களோ அவர்களிடம் அது குடியேறிவிடுகிறது.

பிலிப்பைன்ஸ்: கடினமான மேசை, கூர்மையான கண்

இனி மூத்த உறுப்பினர் 'ரத்தம்' என்று சொன்ன நாட்டுக்கு வருவோம். பிலிப்பைன்ஸ் 1898 முதல் 1946 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்தது. பூலும் அந்த வழியாகவே அங்கு வேரூன்றியது. ஆனால் பிலிப்பினோக்கள் அதைத் தங்கள் போக்கில் வளர்த்தார்கள். அவர்களுடைய தெருமுனை ஆட்டம் ரொட்டேஷன்.

ஒன்பது பந்து ஆட்டத்தையும் ரொட்டேஷனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் எண் வரிசை உண்டு. ஆனால் ரொட்டேஷனில் மேசையில் 15 பந்துகள். நெரிசல் அதிகம். அடிக்கவேண்டிய பந்து வேறொரு பந்தின் பின்னால் ஒளிந்திருக்கும். நேர்வழி கிடையாது. வெள்ளைப் பந்தை மேசை விளிம்பில் மோதவிட்டு, ஒரு முறையோ இரண்டு முறையோ திரும்பச் செய்து, ஒளிந்திருக்கும் பந்தைத் தொடவேண்டும். அடுத்த எண் மேசையின் மறுகோடியில் இருக்கும். அங்கே போய்ச் சேரவேண்டும். இதைச் சிறுவயது முதல் நாள்தோறும் ஆடியவனுக்கு ஒன்பது பந்துகள் மட்டுமே கிடக்கும் மேசை எப்படித் தோன்றும்? சந்தைத் தெருவில் சைக்கிள் ஓட்டிப் பழகியவனை வெறும் மைதானத்தில் விட்டதுபோல்தான்.

மேசைகளும் பெரும்பாலும் பழையவை. ஈரக் காற்றில் துணி கனத்து, பந்து மெதுவாக ஓடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் பழமொழி. கோணல் கூடத்திலேயே ஆடிப் பழகியவர்கள் நல்ல கூடம் கிடைத்தபோது உலகையே அசர வைத்தார்கள்.

அவர்களில் தலையாயவர் எஃப்ரென் ரேயஸ். 1954-ல் பம்பாங்கா மாகாணத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் மணிலாவுக்கு அனுப்பப்பட்டு, பில்லியர்ட்ஸ் கூடம் நடத்திய மாமாவின் ஆதரவில் வளர்ந்தார். மேசை எட்டாத உயரம். கோக்கோ கோலா பெட்டிகளை அடுக்கி, அவற்றின் மேல் ஏறி நின்று ஆடினார். இரவில் மேசையே படுக்கை. ஐந்தில் வளைந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? குழியில்லாத மேசையில் ஆடும் கேரம் பில்லியர்ட்ஸும் அவருக்குக் கைவந்த கலை. அதில் விளிம்பில் மோதித் திரும்பும் கோணங்களே எல்லாம். ஒளிந்த பந்தைத் தேடிப் பிடிக்கும் அவருடைய வித்தைக்கு இந்த இரண்டு பயிற்சிகளும் அடித்தளம்.

1985-ல் அவர் அமெரிக்காவின் ஹூஸ்டனுக்குப் போய் சீசர் மொராலஸ் என்ற வேறு பெயரில் ஆடினார். சொந்தப் பெயரில் ஆடினால் எதிர்த்து ஆட ஆள் கிடைக்காது என்ற நிலை! 1994-ல் யு.எஸ். ஓப்பன் ஒன்பது பந்துப் பட்டத்தை வென்ற முதல் வெளிநாட்டவர் ஆனார். 1996-ல் ஹாங்காங்கில் ஸ்டிரிக்லண்டுடன் மூன்று நாள் நடந்த 1,00,000 டாலர் போட்டியில் 120-117 என்று வென்றார். 1999-ல் கார்டிஃப் நகரில் உலக ஒன்பது பந்துச் சாம்பியன். 2004-ல் உலக எட்டுப் பந்துச் சாம்பியன். அவருக்குப் பின் 2006-ல் ரொனாட்டோ அல்கானோ, 2010-ல் ஃபிரான்சிஸ்கோ புஸ்தமாந்தே என்று வரிசை நீண்டது. பெண்களில் ரூபிலன் அமித் 2009-லும் 2013-லும் பத்துப் பந்து ஆட்டத்திலும், 2024-ல் ஒன்பது பந்து ஆட்டத்திலும் உலகப் பட்டம் பெற்றார்.

நாணயத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இந்தத் திறமை வளர்ந்த இடம் பந்தயக் கூடம். தோற்றால் கையிலிருக்கும் காசு போகும் என்ற அச்சம் மனஉறுதியைக் கற்றுக்கொடுத்தது உண்மை. ஆனால் பணம் போடும் ஆதரவாளர் கிடைத்தவர் விமானம் ஏறினார். கிடைக்காதவர் அந்தக் கூடத்திலேயே நின்றுவிட்டார். ரேயஸின் புகழைப் பார்த்து நாம் வியக்கும்போது, கணக்கில் வராமல் போனவர்களையும் நினைக்கவேண்டும். பூல் கூடம் என்றால் முகம் சுளிக்கும் நம் பெற்றோர்களின் கவலை வெறும் பத்தாம்பசலித்தனம் அன்று.

தைவானும் பிற நாடுகளும்

தைவான் இன்னொரு வழியைக் காட்டியது. 1993-ல் சாவ் ஃபோங்-பாங் உலக ஒன்பது பந்துப் பட்டம் வென்ற முதல் ஆசியர் ஆனார்; 2000-லும் அவரே வென்றார். 2005-ல் வூ ஜியா-சிங் 16 வயதிலேயே உலகச் சாம்பியன் ஆகி அனைவரையும் வியப்பில் ஆழ்த்தினார். 2015-ல் கோ பின்-யி ஒரே ஆண்டில் ஒன்பது பந்து, பத்துப் பந்து ஆகிய இரு உலகப் பட்டங்களையும் பெற்றார். 2019-ல் அவருடைய தம்பி கோ பிங்-சுங் பத்துப் பந்துப் பட்டத்தைப் பெற்றார். 1998 முதல் 2010 வரை ஆசிய விளையாட்டுகளில் இந்த ஆட்டங்கள் இடம்பெற்றது தைவானுக்கும் சீனாவுக்கும் பெரிய ஊக்கம். பதக்கம் என்று வந்துவிட்டால் ஆட்டத்துக்கு மதிப்பு வந்துவிடுகிறது. பிள்ளை பயிற்சிக்குப் போவதைப் பெற்றோர் தடுப்பதில்லை. சீனப் பெண்கள் பான் சியாவ்டிங் 2007-லும், லியு ஷாஷா 2009-லும், ஃபூ சியாவ்ஃபாங் 2010-லும் உலகப் பட்டம் பெற்றது தற்செயல் அன்று.

பிரிட்டனின் பிள்ளைகள் கற்பது ஸ்னூக்கரும், மதுக்கடைகளில் உள்ள 7 அடிச் சிறு மேசை ஆட்டமும். இவற்றால் கோல் நேராகப் போகும், குறி தப்பாது. பெரிய மேசையின் சுழற்சிகளை மட்டும் புதிதாகக் கற்கவேண்டும். சிறு மேசையிலிருந்து வந்த டேரன் ஆப்பிள்டன் 2008-ல் பத்துப் பந்து ஆட்டத்திலும் 2012-ல் ஒன்பது பந்து ஆட்டத்திலும் உலகச் சாம்பியன் ஆனார்.

நம் நாடு: இருந்த மேசையும் பூட்டிய கதவும்

இந்தியாவுக்கு இந்த ஆட்டங்கள் புதியவை அல்ல. ஸ்னூக்கர் பிறந்ததே 1875-ல் ஜபல்பூரில், ஆங்கிலேய இராணுவ அதிகாரிகளிடையே. அதன் விதிகள் உருப்பெற்றது நம் உதகமண்டலத்தில், ஊட்டி கிளப்பில். 1958-ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்று, தனிநபர் ஆட்டத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் உலகச் சாம்பியன் ஆனார். பிறகு மைக்கேல் ஃபெரைரா, கீத் சேத்தி, ஓம் அகர்வால் என்று சாதனையாளர் வரிசை தொடர்ந்தது. பங்கஜ் அத்வானி 2024-ல் தம் 28-வது உலகப் பட்டத்தை வென்றார்.

இத்தனை பெருமை இருந்தும் ஆடவர் உலக ஒன்பது பந்துப் பட்டியலில் இந்தியப் பெயர் ஒன்றும் இல்லை. கையில் திறமை இல்லாமலா? இல்லை. நாம் கற்றது வேறு ஆட்டம். பில்லியர்ட்ஸில் மூன்றே பந்துகள். அவற்றை அருகருகே வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் புள்ளி சேர்ப்பதே கலை. மேசை 12 அடி. அதுவும் அந்த மேசை இருந்தது ஜிம்கானா கிளப்புகளில். உறுப்பினர் அல்லாதவர் உள்ளே நுழைய முடியாது. உறுப்பினரின் பிள்ளைக்கும் பில்லியர்ட்ஸ் அறை எளிதில் திறக்காது. நம் மரபு உயர்ந்ததுதான். ஆனால் பூட்டிய கதவுக்குள் இருந்தது. அத்வானியின் கதை இதற்கு நல்ல சான்று. அவர் கோலைப் பிடித்தது பெங்களூரில், அண்ணனைப் பின்தொடர்ந்து போன ஒரு சாதாரணப் பார்லரில், பத்து வயதில். அங்கிருந்துதான் முன்னாள் தேசியச் சாம்பியன் அரவிந்த் சவூரின் பயிற்சிக்குப் போனார். கதவு திறந்தது, சாம்பியன் வந்தார்.

இனி தம்பியின் கேள்விக்கு வருவோம். கேரம் நம் ரத்தத்திலா இருக்கிறது? சென்னையின் மரியா இருதயம் 1991-லும் 1995-லும் உலகக் கேரம் சாம்பியன் ஆனார். 1996-ல் அர்ஜுனா விருது பெற்றார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகள் அவர். சென்னையின் தெருக்களில் கேரம் பலகைக்குப் பூட்டு இல்லை. ஒரு விளக்கு, நான்கு பேர், சுற்றி நின்று பார்க்கும் பத்துப் பேர், தப்பான அடிக்கு உடனே சொல்லித்தரும் ஓர் அண்ணன். மணிலாவின் ரொட்டேஷன் மேசையைச் சுற்றி இருந்ததும் இதே காட்சிதான்.

நமக்கு உள்ள பாடம்

தொகுத்துப் பார்த்தால் எல்லா நாடுகளிலும் மூன்று காரணங்கள் தென்படுகின்றன. ஒன்று, குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில் எந்த மேசை இருக்கிறது, அதில் எந்த ஆட்டம் நடக்கிறது என்பது. இரண்டு, அருகில் நின்று திருத்தும் பெரியவர் இருக்கிறாரா என்பது. மூன்று, அந்த ஆட்டத்துக்கு ஊரில் என்ன மதிப்பு என்பது. ரத்தத்துக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. பிலிப்பைன்ஸில் பிறந்து சிறுவயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த அலெக்ஸ் பகுலாயன் 2004-ல் கனடா நாட்டு வீரராக உலகச் சாம்பியன் ஆனார். மாஸ்கோவில் பிறந்த ஃபியோதர் கோர்ஸ்ட் 2019-ல் ரஷ்ய வீரராகவும், 2024-ல் அமெரிக்க வீரராகவும் அதே பட்டத்தை வென்றார். மரபு மண்ணோடு கட்டுண்டதன்று. எடுத்துச் செல்பவர் இருந்தால் அது உடன் வரும். புதிய ஊரில் கற்றதும் அதோடு சேரும். ஆனால் தானாக வராது. அமெரிக்கர்கள் ஸ்ட்ரெயிட் பூலை விட்டதுபோல் நாமும் விட்டுவிட்டால் அது வேறொருவர் வீட்டில்தான் இருக்கும். இது கேரமுக்கு மட்டும் பொருந்துவதன்று. தமிழுக்கும், கோலத்துக்கும், பறைக்கும், பரதத்துக்கும் பொருந்தும்.

பந்தயம் இல்லாமலே சாம்பியன்களை உருவாக்கலாம் என்று ஜெர்மானியக் கிளப்புகள் காட்டியிருக்கின்றன. சந்தா, ஒரு கூடம், மாலை நேரம், பெரியவர்களின் பொறுமை இவ்வளவுதான் அவற்றின் முதலீடு. சற்று யோசித்தால் நம் சங்கத்திடம் இவை நான்கும் இருக்கின்றன.

ஆனால் நம் கூடத்தில் நடப்பது என்ன? ஞாயிறு மாலை கேரம் பலகையைச் சுற்றிப் பெரியவர்கள் அமர்ந்துவிடுகிறோம். பிள்ளைகள் சற்று நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவிடுகிறார்கள். பொங்கல் விழாவுக்கு முந்தைய வாரம் மட்டும் அவர்களுக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறோம். அன்று ஒரு குழந்தை தடுமாறினால், "இந்த ஊர்ப் பிள்ளைக்கு நம்ம ஆட்டம் வராது" என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்கு வராதது ஆட்டம் அன்று, பலகையில் இடம்.

வரும் ஞாயிறு முதல் மாலை 4 மணியிலிருந்து 5 மணி வரை பலகையைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுவோம் என்பது என் வேண்டுகோள். பலகை எட்டாத சிறுவனுக்கு ஒரு முக்காலி போடுவோம். அன்று "ரத்தம்" என்று சொன்ன மூத்த உறுப்பினரே நம் சங்கத்தில் மிக நன்றாகக் கேரம் ஆடுபவர். அவர் அந்த ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்.